அந்தக் கத்தியால் யாரோ எதையோ வெட்டிவிட்டார்கள்

அத்தியாயம் ஆறு

“குத்துப்பட்டது யாரு சார்?” என்று கேட்டேன். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, பேனாவை உதறி, முகத்தில் கொஞ்சம் சோகத்தையும் ஏற்றிக்கொண்டு தயாராக இருந்தேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த முதலாளி கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

“கத்திதான்.”

“கத்தியாலதான், புரியுது. யாரை?”

“யாரையும் இல்லப்பா. கத்தியவே ஒருத்தன் நாசம் பண்ணிட்டான்.”

நான் என் தங்கையைப் பார்த்தேன். துப்பறியும் நிறுவனம் அவளுடையது. நான் அவளுக்கு அசிஸ்டென்ட். அண்ணன்காரன் தங்கைக்குக் கீழே வேலை பார்ப்பதா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நாற்பத்தாறு வயது வரை ஃபேக்ஸ் மெஷின் விற்றவனை வேறு யார் வேலைக்கு வைப்பீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். அதன்பிறகு அவர்கள் வீட்டு விசேஷங்களைப் பற்றி மட்டும் பேசினார்கள். வெளியாட்கள் முன்னால் நான் அவளை ‘மேடம்’ என்பேன். அவள் என்னை ‘அண்ணா’ என்பாள். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அந்த ‘அண்ணா’வுக்குப் பின்னால் கட்டாயம் ஒரு வேலை வரும்.

“அண்ணா, லென்ஸ்.”

வந்துவிட்டது. பாண்ட்டின் இடது பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். என் உத்தியோகத்தின் சாரமே இதுதான். தங்கையின் உடுப்புகளில் பாக்கெட் கிடையாது. உலகத்துத் தையல்காரர்கள் எல்லாரும் கூடிப் பேசிப் பெண்களுக்கு எதிராக எடுத்த முடிவு அது என்பது அவளுடைய நெடுநாள் குற்றச்சாட்டு. கைப்பை தூக்கவும் பிடிக்காது. ஆகவே எங்கள் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் என் பாக்கெட்டுகளில் இயங்கியது. டார்ச் வலது பை. டேப் பின் பை. அவளுடைய மூக்குக்கண்ணாடி சட்டைப் பை. அவள் மகளின் அழிரப்பர், எந்தப் பையில் கைவிட்டாலும் வரும்.

முதலாளி ஒரு சிறிய வெல்வெட் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு மடக்குக் கத்தி. விரல் நீளம்தான் இருக்கும். நான் மரியாதைக்காகத் தலையைக் கொஞ்சம் குனிந்தேன்.

“இதுதான் நம்பர் ஒன்” என்றார். “மூணு வருஷ உழைப்பு. இன்னிக்கு நாலு மணிக்கு அறிமுக விழா. கீழ ஹால்ல விமர்சகர்கள் மட்டும் முப்பது பேர் வர்றாங்க.”

“கத்திக்கு விமர்சகர்களா?” என்றேன்.

“வீடியோ போடுவாங்க சார்” என்றார் சுவரோரமாக நின்றிருந்த இளைஞர். “ஒரு கத்திய இருபது நிமிஷம் திறந்து மூடிக் காட்டுவாங்க. லட்சம் பேர் பார்ப்பாங்க.”

அவர்தான் கத்தியை வடிவமைத்தவர். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. ஒரு வாக்கியத்துக்கு ஒருமுறை ‘டைட்டானியம்’ என்று சொல்லுவதால் தொழிற்கூடத்தில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. அவர் கையில் இன்னொரு மாதிரிக் கத்தி இருந்தது. டக்கென்று திறந்தார், டக்கென்று மூடினார். மறுபடி டக். பேசும்போதும் டக், கேட்கும்போதும் டக். அவர் தூங்கும்போது எப்படியோ என்று கவலையாக இருந்தது.

“கைப்பிடி டைட்டானியம். மேல கார்பன் ஃபைபர் பட்டை. கீலுக்குள்ள பொடிப்பொடியா இருபத்திரண்டு பேரிங் குண்டு. அதான் இவ்வளவு வழுக்கிட்டுத் திறக்குது. அலகு இருக்கே, அது எஃகை உருக்கி, பொடியாக்கி, மறுபடி அழுத்திச் சுட்டு எடுத்தது. தினமும் பாக்கெட்ல வச்சுக்கிறதுக்குன்னே பண்ணினது சார்.”

“தினமும் வச்சுக்கிட்டு?” என்றாள் தங்கை.

“வச்சுக்கலாம் மேடம்.”

“எதுக்கு?”

டைட்டானியம் யோசித்தார். டக்.

“திறந்து மூடலாம்.”

“வெட்டலாமா?”

முதலாளி நெஞ்சில் கை வைத்தார். “அதையேதான்மா யாரோ பண்ணியிருக்காங்க!”

அலகைத் திறந்து காட்டினார். முனைக்கு இரண்டு விரற்கடை தள்ளி, நீலமும் சாம்பலும் கலந்து, மழைமேகம் போல ஒரு கறை. முந்தாநாள் காலை பதினொரு மணிக்குப் படமெடுக்க ஆள் வந்தபோது பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். கறை கண்ணில் பட்டதும் படமெடுப்பவரே வெளியில் போய்ச் சற்று உட்கார்ந்துவிட்டு வந்தாராம்.

“பன்னிரண்டு வருஷமா கத்தி செய்யறோம்” என்றார் முதலாளி, குரல் கம்ம. “இந்தக் கட்டடத்துக்குள்ள ஒரு கத்தி கூட உபயோகமானது இல்ல. அப்படி வச்சிருந்தேன்.”

அந்த நேரம் பார்த்து ஓர் ஊழியர் அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து வைத்தார். விழாவில் கொடுப்பதற்கான கையேடுகளாம்; மாதிரிப் பிரதி ஒன்று ஏற்கெனவே மேசையில் கிடந்தது. பெட்டி முழுக்கப் பழுப்பு டேப். டைட்டானியம் கையிலிருந்த கத்தியை மடக்கிப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு, ஸ்கூட்டர் சாவியை எடுத்து டேப்பைக் குத்தினார். போகவில்லை. பல்லால் கடித்தார். கொஞ்சம் வந்தது. சுவரலமாரியில் இருநூறு கத்திகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன.

தங்கையும் பார்த்தாள்.

“யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?” என்றாள்.

“சந்தேகம் என்ன, ஆளே தெரியும்” என்று முதலாளி ஒரு தாளை நகர்த்தினார். “எனக்குக் காகிதத்துல ஒரு ஆதாரம் இருந்தாப் போதும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டது. நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுடுவேன்.”

தட்டச்சு செய்த பணிநீக்கக் கடிதம் அது. ‘நிறுவனத்தின் கத்தியை உபயோகித்த குற்றத்துக்காக’ என்று போட்டிருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

*

தொழிற்கூடத்தில் கடைசி மேசை, கடிதத்தில் பெயர் இருந்த அம்மாளுடையது. கத்தியின் உறுப்புகள் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அவர் கையால் திருகாணி பூட்டினால்தான் அது கத்தி. ‘திருகாணி அக்கா’ என்றால் எல்லாருக்கும் தெரியும். ஒன்பது வருட சர்வீஸ். கொண்டையில் ஒரு பேனா, தலைமேல் ஒரு கண்ணாடி, கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றில் கைபேசி. நடமாடும் மேசை போல இருந்தார்.

“துப்பறியறவங்களா? வாங்க. உட்காருங்க” என்றார். “நான்தான் குற்றவாளி. சாயங்காலம் வரைக்கும்தான் இருப்பேன், கேக்கறத சீக்கிரம் கேட்டுடுங்க.”

“உங்க மேல ஏன்க்கா பழி?” என்றேன்.

“நம்பர் ஒன் இருக்கற கண்ணாடி அலமாரிக்கு ரெண்டு சாவி. ஒண்ணு முதலாளிகிட்ட, ஒண்ணு என் இழுப்பறையில. அது ஒரு காரணம். இன்னொண்ணு, மூணு மாசம் முன்னாடி மீட்டிங்ல வாயத் திறந்துட்டேன்.”

“என்ன சொன்னீங்க?”

“இந்த எஃகு கூர் நிக்கும், நல்ல சாமான். ஆனா துருப்பிடிக்காத ரகம் இல்ல. எலுமிச்சம்பழம் பட்டுத் துடைக்காம விட்டா கறுத்துப் போகும்னேன். அதையும் மீட்டிங் நோட்டுல எழுதிட்டாங்க. இப்ப கறுத்துடுச்சா? ‘வெட்டிப் பார்க்காம இவளுக்கு எப்படித் தெரியும்’ங்கறாங்க.”

“எப்படித் தெரியும்?”

“எனக்கு வேலை தெரியும் தம்பி. அதான்.”

பக்கத்தில் நின்ற டைட்டானியம் தரையைப் பார்த்தார். டக்.

“இந்த எஃகை ஏன் எடுத்தீங்க?” என்று தங்கை அவரைக் கேட்டாள்.

“பேரு நல்லா இருந்தது மேடம். எண்ணும் எழுத்துமா, ராக்கெட் பேரு மாதிரி. விமர்சகர்களுக்கு அதுதான் பிடிக்கும்.”

அக்கா கைகளைத் துடைத்துக்கொண்டார். குரல் இறங்கியிருந்தது. “வேலை போனாக்கூடப் பரவால்ல மேடம். திருட்டுத்தனமா எடுத்து உபயோகிச்சான்னு காகிதம் குடுத்தா வேற எந்தப் பட்டறையில சேர்ப்பாங்க? எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். அதோட, நான் எடுத்திருந்தா துடைச்சு வச்சிருப்பேன். அழுக்குக் கத்திய மூடி வைக்கிறவளான்னு கேளுங்க அவரை. அதுதான் தாங்க முடியல.”

தங்கை வெல்வெட் பெட்டியை அவர் முன்னால் வைத்தாள். “திறந்து பாருங்க.”

“தொடக்கூடாதுன்னு உத்தரவு.”

“இப்ப நான் சொல்றேன்.”

அக்கா எடுத்தார். கட்டைவிரலால் தள்ளினார். அலகு திறந்தது. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவர் முகம் சுளித்தது. காதருகே கொண்டுபோய் மறுபடி திறந்தார்.

“டக்குனு வரணும். ‘த்தப்’னு வருது. கீலுக்குள்ள ஏதோ அடைச்சிருக்கு.”

“கழட்டுங்க.”

டைட்டானியம் அலறுவதற்குள் மூன்று திருகாணிகளும் மேசைக்கு வந்துவிட்டன. கைப்பிடியின் ஒரு பக்கம் பிரிந்தது. பேரிங் குண்டுகளின் வளையத்தைச் சுற்றிக் கொழகொழவென்று ஏதோ இருந்தது. அக்கா இடுக்கியால் இழுத்தார். மஞ்சள் நிறத்தில் ஒரு பிசிர்.

என் மூளை மின்னியது. அது ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது. “எலுமிச்சைத் தோல்!” என்று கத்திவிட்டு, ஊர்ஜிதம் செய்ய நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

“எப்படிண்ணா இருக்கு?” என்றாள் தங்கை.

“புளிப்பே இல்ல. மிஷின் எண்ணெய் வாசனை. பல்லுல மாட்டிக்கிச்சு.”

“ஆதாரத்தைத் துப்புங்க.”

துப்பினேன். எங்கள் தொழிலின் பெயருக்கு அன்றைக்குத்தான் நேரடி நியாயம் செய்தேன். அவள் அதை லென்ஸில் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், அதாவது என் பாண்ட்டை.

“அண்ணா, வலது பாக்கெட்ட வெளிய இழுங்க.”

“பாப்பா, நாலு பேர் முன்னாடி...”

“மேடம்.”

“மேடம், நாலு பேர் முன்னாடி...”

“இழுங்கண்ணா.”

இழுத்தேன். டார்ச், பாதி பிஸ்கட், அழிரப்பர். துணியின் மடிப்பில் கறுப்பாகச் சுருண்ட பஞ்சு. அதைக் கிள்ளி எடுத்து மஞ்சள் பிசிரின் பக்கத்தில் வைத்தாள். நிறம் வேறு, மற்றபடி இரண்டும் கூடப்பிறந்தவை.

“பாக்கெட் பஞ்சு” என்றாள். “எந்தப் பாக்கெட்டா இருந்தாலும் அடியில சேரும். இந்தக் கத்தி ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, பல வாரம் யாரோட பாக்கெட்லயோ குடியிருந்திருக்கு. கீல்ல பஞ்சு சுத்தற அளவுக்கு.” அக்காவிடம் திரும்பினாள். “அக்கா, உங்க பாக்கெட்டைக் காட்டுங்க.”

அக்கா சிரித்தார். அன்றைக்கு முதல் சிரிப்பு. “எங்க இருக்கு?”

அவர் போட்டிருந்த சாம்பல் நிற மேலங்கியை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். மேலே கீழே எங்கும் பை இல்லை. பக்கத்து மேசைக்காரருக்கும் இல்லை. கூடத்தில் நாற்பது பேர், நாற்பது மேலங்கி, ஒரு பாக்கெட் கிடையாது.

“ஆறு வருஷம் முன்னாடி பேரிங் குண்டு ஒரு டப்பா காணாமப் போச்சு” என்றார் அக்கா. “எல்லாரும் திருடங்கன்னு முதலாளி பாக்கெட்டையெல்லாம் தைச்சு மூடிட்டார். அப்புறம் பார்த்தா டப்பா அவர் கார் சீட்டுக்கு அடியில கிடந்தது. பாக்கெட் மட்டும் திரும்பி வரல.”

நான் நாற்பது பேரையும் பார்த்தேன். காதிடுக்கில் பென்சில், காலுறையில் அளவுகோல், தொப்பிக்குள் மூக்குக்கண்ணாடி. காலமெல்லாம் உட்கார்ந்து பாக்கெட் கத்தி செய்கிறார்கள். அதைப் போட ஒருவருக்கும் பாக்கெட் இல்லை.

“அப்ப இவங்க யாருமே இல்ல” என்றேன்.

“ஆஃபீஸ்காரங்களும் இல்ல” என்றாள் தங்கை. “எல்லாருக்கும் கறுப்பு பாண்ட் சீருடை. இது மஞ்சள், நல்ல கனமான, துவாலை மாதிரித் துணி. இந்தக் கட்டடத்துல மஞ்சள் போட்ட ஆள் யாருமில்ல. கத்தி வெளிய போயிருக்கு. போய்ட்டுத் தினமும் திரும்பி வந்திருக்கு.”

“வாய்ப்பே இல்ல மேடம்” என்றார் டைட்டானியம். “வாசல்ல உலோகம் கண்டுபிடிக்கிற வளைவு இருக்கு. எல்லாரும் அது வழியாத்தான் போகணும். திருகாணி அக்காவோட கொண்டை ஊசிக்கே கத்தும்.”

*

வாசல் காவலாளி எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். எனக்கு அல்ல, தங்கைக்கு.

“இந்த வளைவு வழியாப் போகாம வெளிய போறவங்க யாராவது உண்டா?”

“ஒருத்தரும் இல்லீங்கம்மா. கண்டிப்பான ஆளுங்க நான்.”

“ஒருத்தர் கூட?”

“மனுஷங்க யாரும் இல்லீங்க. முதலாளி கார் மட்டும் பக்கத்து கேட்ல போகும். கார வளைவுக்குள்ள விட முடியாதில்ல.”

“கார்ல யார் யார் இருப்பாங்க?”

“முதலாளி. அப்புறம் ஒரு சின்ன வெல்வெட் பெட்டி.”

நானும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“பெட்டியா?”

“ஆமாங்க. முதலாளி மடியில வச்சிருப்பாரு. கைக்குழந்தை மாதிரி.”

தெருவுக்கு வந்ததும் நான் நின்றேன். “மேடம், முதலாளிதான் நமக்கு கட்சிக்காரர். நம்மளை வரச்சொன்னவர்.”

“ஆமா.”

“வரச்சொன்னவரையே பிடிச்சா அது தொழில் தர்மமா?”

“அண்ணா, மணி ஒண்ணு. இன்னும் மூணு மணி நேரத்துல அந்த அக்கா கையில ஒரு காகிதம் வரும்” என்றாள். “ஆட்டோ கூப்பிடுங்க.”

*

முதலாளி வீட்டு அழைப்புமணியை அழுத்தியபோது, முதலாளியின் மனைவியிடம் எப்படி நயமாகப் பேச்செடுப்பது என்று மூன்று வழிகள் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

கதவு திறந்தது. ஐம்பது வயது அம்மாள். கையில் பாதி நசுங்கிய தக்காளி. இடுப்பிலிருந்து முழங்கால் வரை தடித்த மஞ்சள் துவாலைத் துணியில் சமையல் ஏப்ரன். அதன் நடுவே, கங்காருவே பொறாமைப்படும் அளவுக்கு ஒரு பாக்கெட்.

தங்கை கையில் வெல்வெட் பெட்டி இருந்தது; கத்தியை அக்கா பஞ்சு நீக்கிப் பூட்டிக் கொடுத்திருந்தார். அம்மாள் அதைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“அப்பாடா! ரெண்டு நாளா அத எங்க வச்சிருந்தீங்க? வீட்ல இருக்கறது ஒண்ணுகூட தக்காளித் தோல்ல இறங்க மாட்டேங்குது, பாருங்க இத!”

நசுங்கிய தக்காளியை என்னிடம் சாட்சிப்பொருள் போலக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

சமையலறையில் உட்கார்ந்து கேட்டோம். மறைக்க அவருக்கு ஒன்றுமில்லை. குற்றம் என்று ஒன்று நடந்திருப்பதே அவருக்குத் தெரியாது.

“ஒரு மாசமா தினமும் சாயங்காலம் அந்தப் பெட்டியக் கொண்டுவந்து தலைமாட்டுல வச்சுக்கறார். கேட்டா, ‘பிரிஞ்சிருக்க முடியல’ங்கறார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல என்னைப் பத்தி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல. அப்படி என்னதான் இருக்கு உள்ளன்னு ஒருநாள் காலைல திறந்து பார்த்தேன். கத்தி! தூங்கற கத்தி எதுக்கு? எடுத்து வெங்காயம் வெட்டினேன். ஐயோ, என்ன கூர்ங்கறீங்க. அன்னிலேருந்து அவர் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் அது என்னோடது. ஏப்ரன் பாக்கெட்லயே போட்டுப்பேன். வேலை முடிஞ்சதும் கழுவி, துடைச்சு, எண்ணெய் தடவி, பெட்டிக்குள்ள வச்சிடுவேன்.”

“முந்தாநாள்?”

“எலுமிச்சம்பழம் வெட்டிட்டு இருந்தேன். அவர் திடுதிப்புனு ஏழு மணிக்கே கிளம்பிட்டார், படமெடுக்க ஆள் வருதுன்னு. அவசரத்துல துடைக்காம பெட்டில போட்டுட்டேன்.” நிறுத்தினார். எங்கள் முகங்களைப் பார்த்தார். “ஏன், என்ன ஆச்சு?”

தங்கை சொன்னாள். கறை, நாலு மணி, கடிதம், திருகாணி அக்கா. அம்மாளின் கை ஏப்ரன் பாக்கெட்டுக்குள் போய் நின்றுவிட்டது.

“அந்தப் பொண்ணா? என் தம்பிக்குத் திருகாணி பூட்டவே கத்துக்குடுத்தது அந்தப் பொண்ணுதானே?” எழுந்தார். “இவர் பெட்டியத் தினமும் வீட்டுக்குக் கொண்டுவர்றது இவருக்குத் தெரியாதா? அத ஏன் சொல்லலையாம்?”

“கையேட்டுல ‘அலமாரியைவிட்டு அசையாதது’ன்னு அச்சடிச்சிருக்காங்க” என்றேன்.

“அச்சடிச்சத மாத்தறத விட ஆள மாத்தறது சுலபம்னு நினைச்சிட்டாரா? வாங்க, போகலாம்.”

“ஏப்ரனக் கழட்டலையா?” என்றேன்.

“ஏன், கோவத்துக்கு வேற உடுப்பு உண்டா?”

*

மூன்றே முக்கால். முதலாளியின் அறை. கோட்டு சூட்டோடு அவர் கண்ணாடி முன்னால் நின்று உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். திருகாணி அக்கா மூலையில் நின்றிருந்தார், வரச் சொல்லியிருந்தார்கள். டைட்டானியம் வழக்கம் போல டக்.

“ஆதாரம் கிடைச்சதா?” என்றார் முதலாளி, திரும்பாமலே.

“கிடைச்சது” என்றாள் தங்கை. “மஞ்சள் நிறம்.”

கண்ணாடியில் அவர் பார்த்தது முதலில் தன் டையை. இரண்டாவதாக, எங்களுக்குப் பின்னால் வாசலை அடைத்து நின்ற ஏப்ரனை. டை முடிச்சில் இருந்த கை அங்கேயே தங்கிவிட்டது.

“நீயா?” என்றார் ஈனக்குரலில்.

“ஒரு மாசமா நான்தான்” என்றார் மனைவி. “அந்தக் காகிதத்துல என் பேர எழுதுங்க.”

“உன்ன எப்படிம்மா வேலையவிட்டு எடுக்கறது?”

“சமையலறையிலேருந்து எடுத்துடுங்க. சந்தோஷமாப் போயிடறேன்.”

டைட்டானியத்தின் ‘டக்’ நின்றுவிட்டது. “அக்கா... நீ அதால வெட்டினியா?” என்றார். குரலில் கோபமில்லை; ஏதோ பயந்த ஆவல். “எப்படி இருந்தது?”

“நல்லா கேட்டடா! கூர் அபாரம், ஒரு மாசமா தீட்டவே இல்ல. ஆனா முதுகு ரொம்பத் தடி. கேரட்ட வெட்டாது, பிளக்கும். ஈரக் கையில கைப்பிடி வழுக்கும். அந்த கிளிப்பு உள்ளங்கையில குத்தும். லாக்க மடக்கறப்ப ஒரு நாள் கட்டைவிரல் போகப் பார்த்துது.”

“அந்த லாக்க நான் அப்பவே சொன்னேன்” என்றார் மூலையிலிருந்து திருகாணி அக்கா. “முதுகையும் சொன்னேன்.”

டைட்டானியம் மேசையிலிருந்த பென்சிலை எடுத்து மாதிரிக் கையேட்டின் பின்னட்டையில் எழுத ஆரம்பித்தார். “கேரட்... பிளக்கும்...” கண் கலங்கியிருந்தது. “எட்டு கத்தி டிசைன் பண்ணியாச்சு அக்கா. கேரட் பத்தி ஒருத்தர் கூட இதுவரைக்கும் ஒண்ணும் சொன்னதில்ல.”

“அதெல்லாம் அப்புறம்” என்றாள் தங்கை. “கடிதம்?”

முதலாளி மேசையிலிருந்த தாளை எடுத்தார். மடித்தார். கோட்டுப் பைக்குள் வைத்தார்.

“விழா முடியட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்.”

“என்ன பார்க்கணும்?” என்றார் அவர் மனைவி.

“கீழ முப்பது பேர் உட்கார்ந்திருக்காங்கம்மா! யாரோ ஒருத்தர் உபயோகிச்சதா இருக்கணும். என் வீட்டுக்காரின்னு சொல்ல முடியுமா? தலைமாட்டுல வச்சுத் தூங்கினேன்னு சொல்ல முடியுமா?” சொல்லிவிட்டு அவரே கூச்சப்பட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அக்கா தன் மேலங்கியை நீவிவிட்டுக்கொண்டு நின்றார். கைகளைப் போட்டுக்கொள்ள அதில் ஓர் இடமில்லை.

*

ஹாலில் முப்பது விமர்சகர்களும் தயாராக இருந்தார்கள். ஆளுக்கொரு கேமரா, ஆளுக்கு மூன்று கத்தி. முப்பது பேரும் திறந்து மூடிக்கொண்டிருந்ததில் தகரக் கூரையில் மழை பெய்தாற்போல இருந்தது. மேடையில் கையேடுகளின் அட்டைப்பெட்டி. டைட்டானியத்தின் பல்தடத்தோடு இன்னும் மூடியே கிடந்தது.

“முதல்ல கையேடு குடுங்க” என்றார் முன்வரிசையில் ஒரு தாடிக்காரர்.

முதலாளி பெட்டியை இழுத்தார். நகத்தால் சுரண்டினார். முப்பது பேரைப் பார்த்தார். மழை நின்றது. தொண்ணூறு கத்திகளும் மெதுவாகப் பைகளுக்குள் போய்விட்டன. ஒருவர் மட்டும் எழுந்து, “என்கிட்ட ஸ்கூட்டர் சாவி இருக்கு” என்றார்.

“தள்ளுங்க” என்றது ஒரு குரல்.

திருகாணி அக்கா மேடையேறினார். வெல்வெட் பெட்டியைத் திறந்தார், நம்பர் ஒன்னை எடுத்தார், கட்டைவிரலால் தள்ளினார். பஞ்சு நீங்கிய கீல் ‘டக்’ என்று கணீரென்று சொன்னது. டேப்பின் மேல் ஒரே இழுப்பு. அட்டைப்பெட்டி வாய் பிளந்தது.

முன்வரிசை முழுக்கக் கழுத்தை நீட்டி அலகைப் பார்த்தது.

“அலகுல அது என்ன கறை?” என்றார் தாடிக்காரர்.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

“எலுமிச்சம்பழம்” என்றார் அக்கா. “ஒரு மாசம் ஒரு சமையலறையில வேலை செஞ்ச கத்தி இது. புளிப்புப் பட்டா இந்த எஃகு இப்படித்தான் ஆகும். கூருக்கு ஒண்ணும் ஆகல.”

“உபயோகிச்சுப் பார்த்தீங்களா?” என்றார் தாடிக்காரர். ஏதோ நெருப்பில் நடந்தீர்களா என்று கேட்பது போலிருந்தது. எழுந்து நின்றுவிட்டார். “கூருக்கு ஒண்ணும் ஆகலையா? பேப்பர் வெட்டிக் காட்டுங்க! யாராவது ஒரு பேப்பர் குடுங்க!”

கையேடுகள் அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. ஆனால் தடித்த தாள். அதை வெட்டுவதில் பெருமை இல்லை என்றார்கள். மெல்லிய தாள் வேண்டும். முப்பது கேமராவும் முதலாளியைப் பார்த்தன. ஏப்ரனும் பார்த்தது. அவர் ஒவ்வொரு பையாகத் தடவினார். கோட்டுப் பைக்குள் போன கை அங்கே தயங்கியது.

“இருக்கு போலிருக்கே சார்” என்றேன். சத்தமாகத்தான். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே துப்பறியும் வேலை.

முதலாளி தாளை எடுத்து அக்காவிடம் நீட்டினார். தலை நிமிரவில்லை. “வெட்டும்மா” என்றார். பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில், “மன்னிச்சிடும்மா.”

அக்கா தாளைப் பிரித்தார். தன் பெயரை ஒருமுறை படித்தார். இடது கையில் தாளின் ஓரத்தைப் பிடித்து, அந்தரத்தில் தொங்கவிட்டு, வலது கையால் கத்தியை மேலிருந்து கீழாக இழுத்தார். சத்தமே இல்லை. பாதி தாள் மிதந்து மிதந்து தரைக்குப் போனது. பெயர் ஒரு துண்டிலும் குற்றம் மறு துண்டிலுமாக.

“இன்னொரு தடவ!” என்று கத்தினார்கள். எட்டுத் துண்டு ஆகும்வரை விடவில்லை.

முதலாளி மைக்கைப் பிடித்தபோது பழைய உரையைக் காணோம். “உலக வரலாற்றில் முதன்முறையாக,” என்று ஆரம்பித்தார், “வெட்டிப் பார்க்கப்பட்ட ஒரு கத்தி!” கைதட்டலில் கட்டடம் அதிர்ந்தது. டைட்டானியம் மேடையோரத்தில் உட்கார்ந்து, தன் அக்காவிடம் கேரட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது திருகாணி அக்கா வாசல்வரை வந்தார்.

“பாக்கெட் கேட்டிருக்கேன் மேடம். நாற்பது பேருக்கும். திங்கக்கிழமைலேருந்து முதலாளி ஒரு தையல்காரரை வச்சுத் தைச்சுத் தர்றாராம்.” தங்கையின் உடுப்பை மேலும் கீழும் பார்த்தார். “உங்களுக்கும் ஒண்ணு வச்சுத் தரச் சொல்லட்டுமா? அந்தத் தையல்காரர் நல்லா தைப்பார்.”

என் கை தானாக என் பைகளைத் தடவியது. பூதக்கண்ணாடி, டார்ச், டேப். இவள் உடுப்பில் ஒரு பாக்கெட் வந்துவிட்டால் நான் யார்? மறுபடி ஃபேக்ஸ் மெஷினா?

தங்கை என் உப்பிய பைகளைப் பார்த்தாள். எங்கோ ஒரு பையில் நசுங்கிய தக்காளி வேறு இருந்தது.

“வேணாம்க்கா” என்றாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடக்கி என் சட்டைப் பைக்குள் போட்டாள். “எனக்கு இருக்கு.”